எட்டாயிரம் எழுத்துகள்

வைரஸ் செல்லை ‘ஹேக்’ செய்கிறது என்ற வரி இல்லாத அறிவியல் கட்டுரையை இப்போதெல்லாம் பார்ப்பது கஷ்டம். கேட்டதுமே ஒரு காட்சி வந்துவிடும்: இருட்டு அறை, தொப்பி வைத்த சட்டை, பாஸ்வேர்டை உடைத்து உள்ளே போகிற ஒருவன். பதிமூன்று வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த உவமை பாதிதான் சரி. நான் பார்த்த பெரிய சேதங்களில் பூட்டு உடைந்தவை குறைவு. உள்ளே ஏற்கனவே இருக்கிற ஒரு வேலைமுறையை, அதற்குப் புரிகிற பாஷையிலேயே, தப்பான நேரத்தில் யாரோ கூப்பிட்டிருப்பார்கள். சிஸ்டமும் கேட்டதை ஒழுங்காகச் செய்துகொடுத்திருக்கும். லாக்கைத் திறந்து பார்த்தால் எல்லாமே பச்சையாக இருக்கும். அதுதான் வயிற்றைக் கலக்கும்.

மனித பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்பிவி, அப்படிக் கூப்பிடத் தெரிந்த ஒன்று. இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, எண் போட்டுத்தான் அழைக்கிறார்கள். 16ஆம் எண்ணின் முழு மரபுத்தொகுதி வட்டமாகக் கட்டிய ஒரு டிஎன்ஏ துண்டு, சுமார் 7,900 எழுத்து. ஓர் எழுத்துக்கு இரண்டு பிட் என்று வைத்தால் மொத்தம் இரண்டு கிலோபைட்கூட வராது. உங்கள் வாட்ஸப் டிபி அதைவிடப் பல மடங்கு பெரியது. அது போய் உட்காரும் மனித செல்லிலோ ஒரு பிரதிக்கு முன்னூறு கோடி எழுத்து.

இந்த இரண்டு கிலோபைட்டைப் பற்றி இரண்டு வருஷமாகக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் உயிரியல் படித்தவன் இல்லை. பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்து, தவளையிடமிருந்து தப்பித்த கோஷ்டி. படிக்க வைத்தது ஒரு ஃபைல்.

என் பெரியம்மா 2011இல் இறந்தார். அம்மாவின் அக்கா. வயது 54. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம். பெரியப்பா காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதினார். நான் அப்போது கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். “பெரியம்மாவுக்கு வயித்துல கட்டிடா” என்றுதான் எனக்குப் போனில் சொன்னார்கள். துக்க வீட்டுப் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் வேறு பேச்சு காதில் விழுந்தது. “வாய் தொறந்து சொல்ற எடத்துலயா வந்துச்சு?” அதற்குப் பதிலாக இன்னொரு குரல், கொஞ்சம் தணிந்து: “சுத்தபத்தமா இருந்தா அங்கெல்லாம் ஏன் வரப்போவுது?” இரண்டாவதாகப் பேசியவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. பெரியம்மா மதுரையில் ரேடியேஷனுக்குக் கிடந்த நாளெல்லாம் பஸ் ஏறிச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவர். அதனாலேயே அந்த வாக்கியம் எனக்கு மறக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா பீரோவை ஒழித்தபோது பெரியம்மாவின் ஆஸ்பத்திரி ஃபைல் சேலைகளுக்கு அடியில் இருந்தது. மதுரைக்குத் துணைக்குப் போனது அம்மா என்பதால் ஃபைல் இங்கேயே தங்கிவிட்டது போல. கர்ப்பப்பை வாய், ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, நிலை 3பி. அதற்கு முந்தைய தாள்களில் ஒரு நர்சிங் ஹோம் எழுதிக்கொடுத்த மாத்திரைச் சீட்டுகள். வெள்ளைப்படுதலுக்கு, ஒன்றரை வருஷம், மாற்றி மாற்றி. யாரும் ஒரு தடவைகூட உள்ளே பார்த்ததாக எங்கும் எழுதியிருக்கவில்லை.

ஸ்குவாமஸ் என்றால் செதில் போன்ற என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லிலிருந்து ஆரம்பிப்பதுதான் சரி. தோலும், வாயின் உள்பக்கமும், கர்ப்பப்பை வாயின் வெளிப்பக்கமும் இந்தச் செதில் செல்களால் அடுக்கடுக்காக மூடப்பட்டவை. வெங்காயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி அடி வரிசையில் இருக்கும் செல்கள்தான் பிரிந்து பெருகும். பிறந்த செல்லில் ஒன்று கீழேயே தங்கும், இன்னொன்று மேலே தள்ளப்படும். மேலே போகப் போக அது பிரிவதை நிறுத்தும், தட்டையாகும், செத்து, கடைசியில் உதிரும். அடியிலிருந்து உச்சிக்குப் போக இரண்டு மூன்று வாரம். ஒவ்வொரு நாளும் ஓசையில்லாமல் நடக்கிற வேலை.

எச்பிவி கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னக் கீறல் வழியாக அடி வரிசைக்கு இறங்குகிறது. அங்கே சில பத்துப் பிரதிகளாகத் தங்கி, செல் பிரியும்போது தானும் பங்கு பிரிந்து, கிட்டத்தட்ட மூச்சுவிடாமல் கிடக்கிறது. அந்தச் செல் மேல்மாடிக்கு ஏறும்போதுதான் வைரஸ் தன் பெரிய அச்சடிப்பை ஆரம்பிக்கிறது. ஒரு செல்லுக்கு ஆயிரக்கணக்கில். கடைசியில் செல் உதிரும்போது அதோடு சேர்ந்து வெளியே போய்விடுகிறது. ரத்தத்துக்கு வருவதில்லை, செல்லைக் கிழித்து வெடிக்க வைப்பதுமில்லை. எப்படியும் சாகப்போகிற, குப்பைக்குப் போகப்போகிற செல் என்பதால் நோய் எதிர்ப்புப் படைக்குச் சத்தமே போவதில்லை.

இதில் ஒரு பெரிய இடைஞ்சல் இருக்கிறது. டிஎன்ஏவை நகலெடுக்கும் இயந்திரம் இரண்டு கிலோபைட்டுக்குள் அடங்காது. எனவே வைரஸிடம் அது இல்லை. செல்லின் இயந்திரத்தைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் மேல்மாடிச் செல்லோ இனிப் பிரியப்போவதில்லை என்று முடிவெடுத்து அந்த இயந்திரத்தையெல்லாம் மூட்டை கட்டிவிட்டது. கடை சாத்தின பிறகு வந்து நிற்கிற வாடிக்கையாளரின் நிலைமை. ஷட்டரை மறுபடி தூக்க வைக்க வேண்டும்.

ஷட்டர் எப்படித் தூக்கப்படுகிறது என்பது தனிக்கதை. வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி என்னும் ஒரு மூலக்கூறு வந்து, செல்லின் சுவரில் இருக்கும் ஏற்பியைத் தட்டுகிறது. அது உள்பக்கம் ராஸ் என்ற புரதத்தை உசுப்புகிறது. ராஸ் அடுத்ததை, அது அதற்கடுத்ததை. ராஸுக்கு அப்பால் பெரும்பாலும் ஒவ்வொன்றும் தனக்கு அடுத்ததன் முதுகில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி எழுப்பிவிடும் ஒரு சங்கிலி. கலெக்டர் ஆபீஸ் ஃபைல் மாதிரி, ஒவ்வொரு மேசையிலும் ஒரு முத்திரை. கடைசி மேசையில் ஆர்பி என்றொரு புரதம். அது இ2எஃப் என்ற இன்னொரு புரதத்தின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருக்கிறது. போதிய முத்திரை விழுந்ததும் ஆர்பியின் பிடி தளரும். இ2எஃப் எழுந்து போய், நகலெடுக்கும் இயந்திரங்களுக்கான மரபணுக்களை ஒன்றொன்றாகப் போட்டுவிடும். ஷட்டர் தூக்கியாயிற்று.

வைரஸ் இந்த ஃபைலை மேசை மேசையாக நகர்த்திக்கொண்டிருக்கவில்லை. இ7 என்று ஒரு குட்டிப் புரதத்தைச் செய்கிறது. 16ஆம் வகையில் மொத்தம் 98 அமினோ அமிலம், அவ்வளவுதான். அதில் ஒரு சின்னத் துணுக்கு ஆர்பியின் உடம்பிலிருக்கும் ஒரு குழிவில் சாவி போல் உட்காருகிறது. ஆர்பி கையை விட்டுவிடுகிறது. விட்ட ஆர்பியை அழிக்கவும் ஏற்பாடு செய்துவிடுகிறது இ7. வெளியில் எந்த வளர்ச்சிக் காரணியும் வரவில்லை, மேலே எந்த மேசையிலும் முத்திரை விழவில்லை. ஆனால் இ2எஃப்புக்கு அதெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கை விடுபட்டது என்பதுதான். (இ5 என்று இன்னொன்று இருக்கிறது, அது சங்கிலியின் மறுமுனையில் ஏற்பிகளைச் சுவரிலேயே அதிக நேரம் நிற்க வைக்கிறது. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.)

இதன் பக்கவிளைவு ஒன்று எனக்குத் தனிப்பட்ட முறையில் ரொம்ப நெருக்கம். ஆர்பி காணாமல் போனதும் செல் சும்மா இருப்பதில்லை. பி16 என்ற புரதத்தை அள்ளி அள்ளிச் செய்கிறது. பி16இன் வேலை, ஆர்பிக்கு முத்திரை குத்தும் மேசையை மூடுவது. சாதாரண நாளில் அது போதும். இப்போதோ மூட வேண்டிய மேசைக்கு அப்பால், கீழே, ஆர்பியே இல்லை. எவ்வளவு பி16 செய்தாலும் ஒன்றும் நிற்காது. செல் இன்னும் செய்கிறது. நோய்க்குறியியல் ஆய்வாளர்கள் இந்தக் கூச்சலைத்தான் தேடுகிறார்கள். திசுத் துண்டில் பி16க்குச் சாயம் ஏற்றினால், எச்பிவி பிடித்த இடம் பழுப்பாகத் தடித்துத் தெரியும். ஆன்-கால் ராத்திரிகளில் விடியற்காலை மூன்று மணிக்கு ஒரே அலர்ட் நூற்றைம்பது தடவை வந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அலர்ட் சரியாகத்தான் வேலை செய்தது. அது எந்த சர்வரை நிறுத்தச் சொன்னதோ அந்த சர்வர் அங்கே இல்லை.

ஆனால் இ7 மட்டும் போதாது. நேரங்கெட்ட நேரத்தில் ஷட்டர் தூக்கினால் பார்க்கிறதற்குக் காவல்காரன் ஒருவன் இருக்கிறான், பி53. டிஎன்ஏவில் வெட்டு விழுந்தாலோ, காரணமில்லாமல் நகலெடுப்பு ஆரம்பித்தாலோ, பி53 அளவு ஏறும். முதலில் வேலையை நிறுத்தச் சொல்லும், ரிப்பேர் பார்க்கச் சொல்லும். முடியாது என்று தெரிந்தால் செல்லைத் தற்கொலை செய்துகொள்ளச் சொல்லும். செல் கேட்கும். நம் உடம்பு இத்தனை வருஷம் ஓடுவதில் இந்தக் கீழ்ப்படிதலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதாவது இ7 தன் வேலையைச் செய்த மாத்திரத்தில் பி53 எழுந்து நிற்கும், வைரஸோடு சேர்த்து வீட்டையே கொளுத்திவிடும்.

அதற்குத்தான் இ6. இந்தப் புரதம் பி53ஐ நேரடியாக ஒன்றும் செய்வதில்லை. செல்லுக்குள் பழைய புரதங்களைக் கழிக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. கழிக்க வேண்டியதன் மேல் யூபிக்விடின் என்னும் சின்னப் புரதத்தைச் சங்கிலியாக ஒட்டுவார்கள், அந்த அடையாளத்தைப் பார்த்ததும் அரைத்துப் போடும் இயந்திரம் இழுத்துக்கொள்ளும். அடையாளம் ஒட்டுகிறவர்களில் ஒருவர் எப்போதும் பி53 பக்கம் திரும்பிப் பார்க்காதவர். இ6 ஒரு கையால் அவரையும் இன்னொரு கையால் பி53ஐயும் பிடித்துப் பக்கத்தில் நிறுத்துகிறது. “இதையும் ஒட்டுங்க” என்பது போல. அவர் ஒட்டிவிடுகிறார். காவல்காரன் குப்பை வண்டியில் போகிறான். ஆயுதம் எதுவும் வெளியிலிருந்து வரவில்லை, வந்தது ஓர் அறிமுகம் மட்டும். அந்த ஒட்டுகிற புரதத்துக்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயரே இ6-ஏபி, ‘இ6ஓடு சேர்ந்த புரதம்’. நம் உடம்பின் சொந்தப் புரதத்துக்கு வைரஸைச் சொல்லிப் பெயர்.

இதைப் படித்தபோது நான் செய்தது, இணையத்தில் தேடி, இதே இடத்தை வேறு யாராவது தாக்கியிருக்கிறார்களா என்று பார்த்ததுதான். தொழில் பழக்கம். கிடைத்தது எதிர்பார்த்ததைவிட அதிகம். குரங்குகளிடமிருந்து வந்த எஸ்வி40 என்ற வைரஸ் ஒரே புரதத்தால் ஆர்பியையும் பி53ஐயும் இரண்டையும் பிடிக்கிறது. சளி பிடிக்க வைக்கும் அடினோ வைரஸ் இரண்டு தனிப் புரதங்களால் அதே இரண்டையும். எச்பிவியும் அதே இரண்டை. ஆர்பியின் குழிவில் உட்காரும் அந்தச் சாவித் துணுக்கு மூன்றிலும் ஒரே அமைப்பு. மூன்று வைரஸ்களும் பங்காளிகள் இல்லை, தனித்தனிக் குடும்பம். ஆனாலும் கோடிக்கணக்கான வருஷத் தட்டுத்தடுமாறலுக்குப் பிறகு மூன்றும் ஒரே இரண்டு கதவுக்கு வந்து நிற்கின்றன.

உண்மையில் அந்தக் கதவுகளை நமக்குக் காட்டிக்கொடுத்ததே வைரஸ்கள்தான். 1979இல் எஸ்வி40இன் புரதத்தைச் செல்லிலிருந்து வெளியே இழுத்தபோது, கூடவே ஒட்டிக்கொண்டு 53 என்ற எடையில் ஏதோ ஒன்று வந்தது. டேவிட் லேன், ஆர்னால்ட் லெவின் முதலியவர்களின் ஆய்வகங்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அதைப் பார்த்தன. அது என்ன செய்கிறதென்று சரியாகப் புரியப் பத்து வருஷம் ஆயிற்று. முதலில் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் புரதம் என்றுகூட நினைத்தார்கள். 1989இல் இ7 ஆர்பியைப் பிடிப்பதும், 1990இல் இ6 பி53ஐக் குப்பைக்கு அனுப்புவதும் தெரியவந்தன. மனிதப் புற்றுநோய்களில் பாதியளவில் பி53 மரபணு கெட்டுப்போயிருக்கிறது என்பதை இன்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அந்தப் பெயர்ப்பலகையை முதலில் தூக்கிக் காட்டியது ஒரு குரங்கு வைரஸ்.

ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எச்பிவிதான் காரணம் என்று ஹரால்ட் சூர் ஹௌசன் 1970களில் சொன்னபோது துறையில் பலர் ஹெர்ப்பிஸ் வைரஸைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். 1983இல் அவர் குழு 16ஆம் வகையையும் அடுத்த வருஷம் 18ஆம் வகையையும் புற்றுத் திசுவிலிருந்து பிரித்தெடுத்தது. 2008இல் நோபல் பரிசு. அந்தப் பரிசு அறிவிக்கப்பட்ட சமயம் பெரியம்மாவுக்கு வெள்ளைப்படுதல் ஆரம்பித்திருக்க வேண்டும், மாத்திரைச் சீட்டின் தேதிகளை வைத்துச் சொல்கிறேன்.

இனி நான் சொல்லப்போவதுதான் என்னை ரொம்ப நாள் தூங்க விடாமல் வைத்திருந்தது. புற்றுநோயால் வைரஸுக்கு எந்த லாபமும் இல்லை.

மேலே சொன்ன அத்தனை தந்திரமும் மேல்மாடியில், உதிரப்போகிற செல்லில், சில நாள் மட்டும் ஓட வேண்டியவை. இ6, இ7 இரண்டையும் கட்டுக்குள் வைக்க வைரஸே இ2 என்று ஒரு கடிவாளத்தையும் வைத்திருக்கிறது. பத்தில் ஒன்பது பேருக்கு நோய் எதிர்ப்புச் சக்தி எப்படியோ மோப்பம் பிடித்து இரண்டு வருஷத்துக்குள் தொற்றையே துடைத்துவிடும். மீதிச் சிலரில் தொற்று வருஷக்கணக்கில் தங்கும். அப்படித் தங்கும்போது எப்போதாவது வைரஸின் வட்டம் உடைந்து, செல்லின் குரோமோசோமுக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது. பல சமயம் உடைகிற இடம் இ2. கடிவாளம் போயிற்று. இ6உம் இ7உம் அடி வரிசைச் செல்லில், நிறுத்துவாரில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கின்றன. காவல்காரன் இல்லாத வீட்டில் ஒவ்வொரு பிரிவிலும் பிழைகள் சேர்கின்றன. பதினைந்து, இருபது வருஷம் கழித்து புற்று. உடைந்து ஒட்டிய வைரஸால் அதற்குப் பிறகு ஒரு புது வைரஸைக்கூடச் செய்ய முடியாது. அது தன் வம்சத்துக்கே முற்றுப்புள்ளி வைத்துக்கொண்டுவிட்டது. இந்தக் கதையில் வென்றவர் யாருமில்லை. டெஸ்ட் செய்யப் போட்ட ஒரு கோடு, அதை எழுதியவன் கம்பெனியை விட்டுப் போன பிறகும், ப்ரொடக்‌ஷனில் ஓடிக்கொண்டிருப்பதைப் போல.

பெரியம்மாவுக்குக் கல்யாணம் 1976இல். பத்தொன்பது வயது. உடலுறவு வாழ்க்கை உள்ள பெரும்பாலானோருக்கு ஆயுளில் ஒரு தடவையாவது எச்பிவி தொற்றும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயோ இருபது வருஷம் பின்னால் வருகிறது. யாரிடமிருந்து எப்போது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. பெண்களுக்குப் பரிசோதனை இருக்கிறது, ஆண்களுக்கு வழக்கமாகச் செய்ய ஒன்றும் இல்லை, எனவே எந்த ஃபைலிலும் ஓர் ஆணின் பெயர் ஏறுவதில்லை. பெரியப்பாவைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. கடைசி நான்கு மாதம் சேலையிலிருந்து பெட்பேன் வரை எல்லாம் அவர்தான் துவைத்தார், கழுவினார், யாரையும் கிட்டே விடவில்லை. நான் சொல்ல வருவது வேறு. பந்தலில் கேட்ட அந்தச் சுத்தபத்தம் என்ற சொல்லுக்கு இந்த இரண்டு கிலோபைட்டில் எங்கேயும் இடமில்லை. ஒரு கீறல், ஒரு குழிவு, அதில் பொருந்தும் ஒரு துணுக்கு, பிறகு ஒரு தற்செயலான முறிவு. நான் வரி வரியாகப் பார்த்துவிட்டேன். நடத்தை என்று ஒரு மாறி அதில் இல்லை.

அம்மாவிடம் இதைச் சொன்னேன், எனக்குத் தெரிந்த அளவில், வெங்காயம், ஷட்டர், காவல்காரன் என்றெல்லாம் வைத்து. கேட்டுக்கொண்டே வந்தவர் கடைசியில், “அப்ப எனக்கும் இருந்திருக்கலாமா?” என்றார். இருந்திருக்கலாம், வந்து போயிருக்கலாம் என்றேன். “அக்காவுக்குப் போகல.” ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “ஊருக்கு நர்ஸுங்க வந்தாங்கடா ஒரு தடவ. சும்மா பாத்துட்டு அனுப்பிருவோம்னாங்க. நான் கூப்ட்டேன். நல்லாத்தான இருக்கேன், அங்க போயி எவ காலை விரிச்சுட்டுப் படுப்பான்னா.”

எந்தக் கேம்ப் என்று அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த வருஷங்களில் திண்டுக்கல் மாவட்டத்தில் உலகமே பிறகு மேற்கோள் காட்டிய ஓர் ஆய்வு நடந்தது. 2007இல் லான்செட் இதழில் வெளியானது. முறை எளிமையானது: பயிற்சி பெற்ற நர்ஸ், ஒரு விளக்கு, கொஞ்சம் நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர். கர்ப்பப்பை வாயில் தடவினால், நியூக்ளியஸ் பெருத்த செல்கள் நெருக்கியடித்து நிற்கும் இடம் சில நிமிடத்தில் வெள்ளையாகத் தெரியும். இ2எஃப் எழுந்து ஓடிக்கொண்டிருக்கிற இடம் அதுதான். லேப் வேண்டாம், மைக்ராஸ்கோப் வேண்டாம். தேவைப்பட்டவர்களுக்குக் குளிரால் பொசுக்கும் சிகிச்சை. 30 முதல் 59 வயதுப் பெண்கள் 49,311 பேரை அழைத்தார்கள். வந்தவர்கள் 31,343. ஒரே ஒரு தடவை பார்த்ததில், ஒப்பிட்ட கிராமங்களைவிடப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் ஏற்பட்ட மரணம் 35 சதவீதமும் குறைந்தன.

அந்தத் தாளில் என் கண் நின்றது குறைந்த சதவீதத்தில் இல்லை. 49,311இலிருந்து 31,343ஐக் கழித்துப் பார்த்தேன். 17,968. அத்தனை பேருக்கும் அன்றைக்கு ஏதோ வேலை இருந்திருக்கும், முருங்கைக்காய் பறிப்பு, மாடு, மாமியார், அல்லது வெறும் வெட்கம். சிக்னல் பாதைகளில் நான் படித்த எதுவும் இந்த எண்ணை விளக்காது. இதற்கு வேறு பாடம் படிக்க வேண்டும்.

இன்னும் ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். ஹென்ரியட்டா லாக்ஸைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1951இல் பால்டிமோரில், கர்ப்பப்பை வாய்ப் புற்றால் 31 வயதில் இறந்த கறுப்பினப் பெண். அவரைக் கேட்காமல் எடுத்த திசுவிலிருந்து வந்த ஹீலா செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. போலியோ தடுப்பூசிச் சோதனையிலிருந்து விண்வெளிவரை போனவை. அந்தச் செல்களில் இருப்பது எச்பிவி 18, எட்டாம் குரோமோசோமில் ஒட்டியது, இ2 உடைந்தது.

யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் குட்வினும் டேனியல் டிமாயோவும் 2000இல் ஒன்று செய்தார்கள். ஹீலா செல்லுக்குள் அது இழந்த கடிவாளத்தை, ஒரு மாட்டுப் பாப்பிலோமா வைரஸிலிருந்து எடுத்த இ2வை, திரும்பக் கொடுத்தார்கள். இ6, இ7 நின்றன. அரை நூற்றாண்டாக எத்தனையோ ஆயிரம் தடவை பிரிந்து, குரோமோசோம் எண்ணிக்கையே தாறுமாறாகிப் போன, சாகாவரம் பெற்றவை என்று பேர் வாங்கிய செல்கள் அவை. சில மணி நேரத்தில் பி53 ஏறியது. ஆர்பி மறுபடி இ2எஃப்பைப் பிடித்து உட்கார வைத்தது. சில நாளில் செல்கள் பிரிவதை நிறுத்தி, பருத்து, தட்டையாகி, முதுமைக்குப் போய்விட்டன. அவற்றின் பி53 மரபணுவும் ஆர்பி மரபணுவும் கெடவே இல்லை. ஐம்பது வருஷமாகக் காவல்காரன் தினமும் பிறந்து, தினமும் குப்பை வண்டிக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு நாள் வண்டி வரவில்லை, எழுந்து வேலைக்குப் போய்விட்டான்.

அதைப் படித்த ராத்திரி ஃபைலை எடுத்து மறுபடி பார்த்தேன். பெரியம்மாவின் செல்களிலும் கடைசி வரை அப்படித்தான் இருந்திருக்கும், இந்தப் புற்றில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. இ2வை மனித உடம்பில் ஒவ்வொரு செல்லுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி இன்று மருந்தாக இல்லை. 3பி நிலைக்கு அன்றைக்கும் இன்றைக்கும் அடிப்படை சிகிச்சை ரேடியேஷனும் சிஸ்பிளாட்டினும்.

நம்மிடம் மருந்தாக இருப்பது அதற்கு ரொம்ப முன்னால் நிற்கிற ஒன்று. ஆஸ்திரேலியாவில் இயன் ஃப்ரேசரும் ஜியான் ஜோவும் 1991இல் வைரஸின் வெளி ஓட்டுப் புரதத்தை மட்டும் தனியே செய்தபோது, அது தானாகவே கூடி வெறும் ஓடாக நின்றது. உள்ளே ஒரு எழுத்தும் இல்லை. இ6 இல்லை, இ7 இல்லை. உடம்பு அந்த வெற்று ஓட்டைப் பார்த்தே எதிர்ப்புப் புரதம் செய்து வைத்துக்கொள்கிறது, அடுத்து நிஜம் வந்தால் கீறலிலேயே மடக்க. 2006இலிருந்து தடுப்பூசியாகக் கிடைக்கிறது. இந்தியாவிலேயே செய்த செர்வாவேக் 2023இல் வந்தது. ஏற்கனவே உள்ளே குடியேறிய வைரஸை அது ஒன்றும் செய்யாது. அதனால்தான் சின்ன வயதிலேயே போடச் சொல்கிறார்கள். இந்தியாவில் ஆண்டுக்கு 1.2 லட்சத்துக்கு மேல் பெண்களுக்கு இந்தப் புற்று வருகிறது. அதில் பெரும்பகுதி 16, 18 என்ற இரண்டு எண்களால்.

என் அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். பெண்ணுக்குப் பதினொன்று, பையனுக்குப் பதிமூன்று. தடுப்பூசியைப் பற்றிச் சொன்னதும் அக்காவின் முதல் கேள்வி, “எதுக்குடா இந்த வயசுல? அவளுக்கு என்னத்தச் சொல்லி ஊசி போடுறது?” டெட்டனஸ் ஊசி போட என்ன சொன்னே என்றேன். “அது ஆணி குத்துனா வர்றது.” இதுவும் கீறல் விழுந்தா வர்றதுதான் என்றேன். அக்கா பேங்க்கில் வேலை பார்க்கிறவள், சமாதானமாகாமல் கையெழுத்துப் போட மாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பெரியம்மாவின் ஃபைலைப் படித்தாள். மாத்திரைச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கினாள். “ஒன்றர வருஷம்” என்று மட்டும் சொன்னாள்.

பிறகு வாட்ஸப்பில் ஒவ்வொன்றாகக் கேள்விகள் வந்தன. எத்தனை டோஸ், எவ்வளவு இடைவெளி, காய்ச்சல் வருமா. நான் ஒவ்வொன்றுக்கும் டாக்டரைக் கேள் என்றும், தெரிந்ததையும் எழுதினேன். கடைசியாக ராத்திரி பதினொன்றரைக்கு ஒன்று: “தொண்டைல வர்றதும் இதே வைரஸ்தான்னு போட்டிருக்கே. ஆம்பளைங்களுக்குத்தான் அதிகமாமே?”

ஆமாம், டான்சில் பக்கத்தில், 16ஆம் வகை என்று அனுப்பினேன். தட்டச்சு செய்கிறாள் என்று வெகுநேரம் காட்டியது.

“அப்ப இவனுக்கும் சேத்து டாக்டர்ட்ட கேக்குறேன். சனிக்கிழமை லீவு.”